சுற்றி வருதலும் வீடு சேர்தலும்

புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிகின்ற ஒரு நடைக்குப் பயன் யாது? சந்தைக்குச் சென்றவன் பொருளோடு மீள்கின்றான். வயலுக்குச் சென்றவன் வேலையை முடித்து மீள்கின்றான். காலை தொடங்கி மாலை வரை உடலை வருத்தி நடந்து, கையில் எதுவுமின்றி, காலையில் நின்ற அதே இடத்தில் வந்து நிற்பவன் எதை ஈட்டினான் என்று கேட்டால் அதற்கு எளிதில் விடை கூறவியலாது. எனினும் மனிதர் இத்தகைய நடையை வீண்செயலெனக் கருதியதில்லை. திருவண்ணாமலையை ஏறத்தாழ 14 கிலோமீற்றர் வெறுங்காலுடன் வலம்வருவோர் பௌர்ணமிதோறும் பெருந்திரளாகக் கூடுகின்றனர். நம் ஊர்க் கோயில்களின் வீதிகளிலே சுடுமணலில் உருண்டு பிரதட்டை செய்வோரும், அடியழிக்கும் பெண்களும் சுற்றி முடிப்பது தொடங்கிய வாசலிலேதான்.

சமயச் சார்பற்ற வளையநடை ஒன்றைக் காணவேண்டுமாயின் ஸ்கொட்லாந்தின் உயர்நிலத்தை நோக்கலாம். அங்கே நெவிஸ் பள்ளத்தாக்கிலே தொடங்கி, மாமோர் மலைத்தொடரின் நான்கு சிகரங்களை முகட்டுவழியே இணைத்து, மீண்டும் அதே பள்ளத்தாக்கில் இறங்குகின்ற பாதையொன்று ‘ஸ்டீல் வளையம்’ என வழங்கப்படுகின்றது. (இப்பெயருக்கும் உருக்கிற்கும் தொடர்பில்லை, அருவியைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல்லொன்றிலிருந்து வந்தது அது.) தூரம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர்தான், ஆயின் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும் உயரங்களைக் கூட்டினால் ஒன்றரைக் கிலோமீற்றரைத் தாண்டும். வழியில் ஓர் ஆற்றை மூன்று கம்பிவடங்களாலான பாலத்தின்மேல், ஒன்றிலே கால்வைத்து இரண்டைக் கைகளாற் பற்றிக் கடத்தல் வேண்டும். ‘முதியவன்’ என்று பொருள்படும் பெயருடைய சிகரம் ஒன்று. அதற்கப்பால் ‘சாத்தானின் முகடு’ எனப்படும் ஒடுங்கிய வரம்பு. 1,099 மீற்றர் உயரமான கடைசிச் சிகரத்திலிருந்து முழங்கால் நோக நீண்டதோர் இறக்கம். 1891 ஆம் ஆண்டில் சேர் ஹியூ மன்றோ என்பவர் அந்நாட்டின் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை அட்டவணைப்படுத்தி வெளியிட்டதிலிருந்து, அவற்றை ஒன்றுவிடாமல் ஏறி முடிப்பது பலருக்கு வாழ்நாள் நோன்பாகிவிட்டது. இன்றைய அட்டவணையில் 282 சிகரங்கள் உள்ளன. மழையிலும் மூடுபனியிலும் நாள்முழுதும் வருந்தி, மாலையில் தமது வாகனத்தின் அருகே வந்து நின்று, சப்பாத்தைக் கழற்றும்போது அம்மனிதர் அடையும் நிறைவு பொய்யன்று. அதனை எள்ளி நகையாடுவது இக்கட்டுரையின் நோக்கமுமன்று.

வன்னியோ மலையற்ற நிலம். குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என மலையின் பெயர் தாங்குவன காட்டிடையே எழும் பாறைமேடுகளே. நமக்குத் தெரிந்த உயரம் குளக்கட்டு. 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் கட்டிலே ஏறி நின்றால் ஒருபுறம் நீர்ப்பரப்பும் மறுபுறம் வயல்வெளியும் விரியும். கிளிநொச்சியாருக்கு அதுவே சிகரமும் முகடும். ஆகவே மலைமுகட்டு நடையைப் பற்றி வன்னியிலிருந்து ஒருவர் சிந்திக்கப் புகுவது பொருந்தாச் செயலாகப் படலாம். ஆனால், காலால் நடப்பதைத் தவிர வேறெதுவும் தம் வசமில்லாதிருந்த காலமொன்றைக் கடந்து வந்த மக்கள் வாழும் நிலம் இது. நடையின் வருத்தம் மனிதனை மேன்மைப்படுத்துமா, அவ்வாறாயின் எந்த நிபந்தனையின்மேல் என்ற வினாவை இந்நிலத்தவர் தள்ளிவைக்க இயலாது.

நம் புராண மரபிலே இவ்வினாவைத் தொட்டுச்செல்லும் கதையொன்று குழந்தைகளுக்குங்கூடத் தெரியும். உலகைச் சுற்றி முதலில் வருபவருக்கே கனியென்று சொல்லப்பட்டபோது முருகன் மயிலேறிப் புறப்பட்டான். விநாயகர் பெற்றோரை வலம்வந்து கனியைப் பெற்றுக்கொண்டார். பெற்றோரே உலகம் என்ற கருத்தை விளக்கவே இக்கதை பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. விநாயகரின் நுண்ணறிவைப் போற்றிவிட்டு நாம் அமைந்துவிடுகின்றோம். முருகன் பக்கத்திலிருந்து இக்கதையை நோக்குவோர் குறைவு. அவன் சொன்ன சொல்லை நம்பி முழு உலகையும் சுற்றினான், விதியை மீறவில்லை, வருத்தத்துக்கு அஞ்சவில்லை. ஆயின் அவன் மீண்டபோது புறப்பட்ட இடம் புறப்பட்டபோதிருந்த இடமாக இல்லை. அவன் இல்லாத வேளையில் அங்கே முடிவு செய்யப்பட்டுவிட்டது. அதன்பின் அவன் பழனிமலைக்குப் போய் நின்றது சினத்தினாலே என்பர். அவனது வளையம் மூடப்படவில்லை என்பதே உண்மை. சுற்றியவனின் உழைப்பில் எவ்விதக் குறையுமில்லை. குறை அவன் திரும்பிவந்த வாசலில் இருந்தது. கதையின் இந்தப் பாதியை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

வட்டம் என்னும் வடிவத்தைச் சைவ மரபு இரண்டு விதமாக நோக்கியிருப்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒருபுறம் வலம்வருதல் வழிபாடு. நடுவிலே ஒன்றை நிறுத்தி அதனைச் சுற்றி நம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் செயல். மறுபுறம் பிறந்தும் இறந்தும் மீண்டும் பிறந்தும் உழலும் சுழற்சி பந்தம். அதினின்றும் விடுபடுதலே வீடுபேறு. வடிவம் ஒன்று, பொருளோ நேர்மாறு. வலம்வருபவன் தன் விருப்பத்தாற் சுற்றுகின்றான். பிறவிச்சுழலில் உயிர் வினையாற் சுற்றப்படுகின்றது. தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே இலக்கணத்தில் உள்ள வேறுபாடு இங்கே அறவியல் வேறுபாடாகிவிடுகின்றது.

பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு 1942 இல் வெளியிட்ட நூலொன்றிலே கிரேக்கப் புராணத்துச் சிசிபஸின் கதையை எடுத்தாண்டார். மலையுச்சிக்கு ஒரு பாறையை உருட்டிச் செல்லவும், அது உருண்டு விழ, இறங்கிவந்து மீண்டும் உருட்டவும் சபிக்கப்பட்டவன் அவன். அவனை மகிழ்ச்சியுடையவனாகவே நாம் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது காம்யுவின் முடிபு. தன் நிலையை முற்றாக அறிந்து இறங்கிவரும் அக்கணத்திலே அவன் தன் விதியினும் உயர்ந்துநிற்கின்றான் என்பது அவர் கூறும் நியாயம். வாழ்க்கைக்குப் பொருளுண்டா என்று தனக்குள் வினவும் ஒருவனுக்கு இது துணிவூட்டும் சிந்தனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. சிசிபஸ் மகிழ்கின்றான் என்று சிசிபஸ் கூறினானா, நாம் எண்ணிக்கொள்கின்றோமா? பாறையைத் தள்ளுபவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது வீரமாக இருக்கும் ஒரு சொல், அடிவாரத்தில் நின்று பார்ப்பவன் வாயில் வரும்போது வேறொன்றாகிவிடுகின்றது. அவனைத் தண்டித்த தேவர்களுக்கும் அது மிகவும் வசதியான சொல்.

இனி வன்னிக்கு வருவோம். 2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 2009 மே வரை வன்னி மக்கள் நடந்த நடையின் வழியை ஊர்ப்பெயர்களாலேயே சொல்லிவிடலாம். மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஊர்களிலிருந்து புறப்பட்டோர் மல்லாவி, துணுக்காய், அக்கராயன் எனக் கிழக்கே நகர்ந்தனர். 2009 சனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். ஒவ்வோர் ஊரிலும் பதுங்குகுழி வெட்டி, தறப்பாள் விரித்து, சில நாளிலோ சில கிழமையிலோ அதனைவிட்டு எழுந்தனர். தொடக்கத்திலே உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றப்பட்ட கூரைத்தகடுகளும் கதவுநிலைகளும் நடுவழியிற் கைவிடப்பட்டன. பின்னர் சைக்கிளிற் கட்டிய மூட்டைகள். பின்னர் கையிற் பிடித்த பிள்ளைகள் மட்டும். இறுதியில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்து முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் செட்டிகுளம் மனிக்பாமுக்கு. 2009 இன் பிற்பகுதி தொடக்கம் சிறிது சிறிதாக ‘மீள்குடியேற்றம்’ நடைபெற்றது. வரைபடத்தில் கோடு கீறினால், கிளிநொச்சியிற் புறப்பட்டு முல்லைத்தீவுக் கடற்கரை சென்று, வவுனியா சுற்றிக் கிளிநொச்சிக்கே மீளும் அந்த வழி ஒரு வளையம். உடல் வருத்தத்தை அளவுகோலாகக் கொண்டால் எந்த மலைமுகடும் இதற்கு ஈடாகாது.

ஆயின் இதனை வளையநடை என்று எவரும் அழையார். ஏன் அழைக்க முடியாது என்று காரணங் கேட்பது பயனுடையது. இருவகை நடைக்கும் இடையே வேறுபாடு எங்கிருக்கின்றது என்பதை அது காட்டும். விரும்பிச் சென்றார், விரும்பாது சென்றார் என்பது முதலில் தோன்றும் விடை. அது உண்மை, ஆனால் போதாது. மலையேறுபவனுங்கூட மூன்றாவது சிகரத்திலே விருப்பத்தை இழந்துவிடுகின்றான். காலில் இரத்தம் கட்டியிருக்க, முகிலுக்குள்ளே அடுத்த அடி தெரியாமல் நிற்கும் வேளையில் அவன் செய்வது விருப்பத்தின் பாற்பட்டதன்று. அவ்வேளையிலும் அவனிடம் எஞ்சியிருப்பது ஒன்று: முகட்டிலிருந்து இடையில் இறங்கிவிடலாம், வந்த வழியே திரும்பிவிடலாம். அவன் திரும்பாமலிருப்பது அவனது செயலாகின்றது. அதனாலேயே அவனது உறுதி உறுதியெனப் பெயர்பெறுகின்றது. முள்ளிவாய்க்காலை நோக்கி நடந்தவர் எவருக்கும் வந்த வழி இருக்கவில்லை. உடையார்கட்டிலிருந்து விசுவமடுவுக்குத் திரும்பலாம் என்றிருந்து, அதனை மறுத்து முன்னேறியவர் அல்லர் அவர்.

இதற்கடுத்த வேறுபாடு இன்னும் ஆழமானது என்று கருதுகின்றேன். வளையநடையைத் தொடங்குபவன் பள்ளத்தாக்கிலே தன் வாகனத்தை விட்டுச் செல்கின்றான். மாலையில் அது அங்கே நிற்கும் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. ஐயமில்லாமையால் அதைப்பற்றி அவன் சிந்திப்பதுமில்லை. அவன் ஏறும் நான்கு சிகரங்களையும் தாங்கிநிற்பது சிந்திக்கப்படாத இந்த நம்பிக்கையே. தொடங்கிய இடத்தை வேறு யாரோ அவனுக்காகக் காத்துநிற்கின்றனர்: சட்டம், அயலார், அமைதியான ஒரு நாடு. அது காக்கப்படாவிடின் வளையம் என்பதொன்றில்லை. இலக்கற்று நீளும் ஒரு கோடுதான் உண்டு. 2010 இல் கிளிநொச்சிக்கு மீண்டவர்களிற் பலர் தம் வளவை அடையாளங் கண்டது கிணற்றைக் கொண்டே. வீடு, வேலி, வேலியோரத்துக் கிளுவை, முற்றத்து மாமரம் யாவும் போயிருந்தன. கிணற்றின் கட்டைக் கொண்டு ‘இங்கே அடுப்படி, இங்கே சாமியறை’ என்று கையால் அளந்து காட்டிய மூதாட்டியரை அக்காலத்தில் ஊருக்கு ஊர் காணமுடிந்தது.

போருக்குப் பின் வன்னிக்கு வந்து சென்றோர் பலரும் இம்மக்களின் தாங்கும் ஆற்றலைப் புகழ்ந்தனர். அறிக்கைகள் புகழ்ந்தன, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் புகழ்ந்தனர், மேடைகளிலே நாமும் புகழ்ந்தோம். புகழ்ச்சியில் தீய எண்ணம் இருந்ததென்று கூறமாட்டேன். ஆனால் துன்பத்தைத் தாங்கியவரைத் தாங்கியமைக்காகப் புகழ்வது அறமான செயலா என்பது ஆராயப்படவேண்டியது. திருக்குறளைத் துணைக்கழைத்து, இடுக்கணழியாமை நம் மரபு என்று சொல்லுவோர் உளர். திருவள்ளுவர் அவ்வாறு அதிகாரம் வகுத்திருப்பது உண்மை. 63 ஆம் அதிகாரம் அது. ஆனால் அது நூலில் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிப்பதில்லை. அது பொருட்பாலில், அரசனின் இயல்புகளைக் கூறும் அரசியலில் வைக்கப்பட்டிருக்கின்றது. இடுக்கண் வந்தபோது கலங்காதிருக்குமாறு முதன்மையாகக் கேட்டுக்கொள்ளப்படுபவன் ஆள்பவனே; ஆளப்படுபவன் அல்லன். குடிகளின் துன்பத்தைப் பேசும் இடம் அதே அரசியலில் உள்ள கொடுங்கோன்மை அதிகாரம். அங்கே வள்ளுவர் குடிகளைத் தாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. தாங்கமாட்டாமல் அவர்கள் அழுத கண்ணீரே ஆள்பவனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்கின்றார். குடிகள் தாங்கினார்களா என்பது வள்ளுவரின் அளவுகோலன்று. தாங்கமுடியாத நிலை எவனால் வந்தது என்பதே அவரது கேள்வி. தவம் என்னும் அதிகாரத்தின் முதற்குறள் துன்பம் பொறுத்தலைத் தவத்தின் வடிவமாகக் கூறுகின்றதே என்று ஒருவர் தடைகூறலாம். அக்குறள் அத்தோடு நிற்கவில்லை. பிற உயிருக்குத் துன்பஞ் செய்யாமையையும் உடன் சேர்த்தே தவத்தை வரையறுக்கின்றது. முதற்பாதியைத் துன்புற்றவன் தலையிலே சுமத்திவிட்டு, இரண்டாம் பாதியைத் துன்பம் செய்தவனிடம் கேளாது விடுவது குறளைப் பிளந்து படிப்பதாகும்.

ஸ்கொட்லாந்துக்கும் வன்னிக்கும் இடையே நான் வலிந்து ஒப்புமை தேடுகின்றேன் என்று எண்ணற்க. இடையிலே ஒரு மலைநாடு உண்டு. அதுதான் நம் மலையகம். கின்கார்டின்சயரைச் சேர்ந்த ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். அவரைப் போலவே ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் பலர், தம் ஊர்களின் பெயர்களை இந்த மலைகளுக்கு இட்டுச்சென்றனர். டன்சினேன், ஹோலிரூட், பெல்மோரல், ஸ்ட்ரத்ஸ்பே என்று இன்றும் தோட்டங்கள் உள்ளன. அந்தச் சரிவுகளிலே காலையில் லயத்திலிருந்து புறப்பட்டு, மலையேறிக் கொழுந்து கிள்ளி, கூடைச்சுமையோடு நிறுவைக்கு இறங்கி, மீண்டும் ஏறி, மாலையில் அதே லயத்துக்குத் திரும்பும் பெண்ணின் நடையும் வளையநடைதான். நாள்தோறும், வாழ்நாள் முழுதும் அவள் ஏறிய உயரத்தை எவரும் அட்டவணைப்படுத்தவில்லை. அவ்வுயரத்துக்கு ஒரு பெயருமில்லை. நாட்சம்பளம் மட்டும் இருந்தது.

அவளுடைய முன்னோர் அம்மலையை அடைந்த வழி வன்னியின் தென்விளிம்பைத் தொட்டுச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். இன்று மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் வீதி செட்டிகுளத்தினூடாகச் செல்கின்றது. பழைய நடைவழியின் திசையும் அதுவே. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது. 1977 ஆகத்து வன்செயலின் பின் மலையிலிருந்து இறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தோர் ஆயிரமாயிரம். காந்தியம் முதலான அமைப்புகள் சிலருக்குக் குடியிருப்புகள் அமைக்க உதவின. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் முதலிய ஊர்களில் அவர்கள் வேரூன்றினர். குளத்துநீர் பாயும் வயற்காணி பெரும்பாலும் முன்னரே வந்தவர்களின் கையில் இருந்தது. பின்னர் வந்தவர்களுக்குக் கிடைத்தது மேட்டுக்காணியும் பிறர் வயலிற் கூலியும். அவர்களை நாம் எப்பெயரால் அழைத்தோம், எந்த வாங்கிலே இருத்தினோம், எந்தச் சம்பந்தத்தை மறுத்தோம் என்பவற்றை நம் வீடுகளில் உள்ள மூத்தோர் அறிவர். பிறர் நமக்குச் செய்ததை எழுதும் கையால் இதையும் எழுதியே ஆகவேண்டும்.

அவர்களும் 2009 இல் அதே ஊர்ப்பெயர்களின் வழியே நடந்தனர். அவர்களும் செட்டிகுளத்தில் அடைக்கப்பட்டனர். முன்னோர் மலைநாட்டை நோக்கி நடந்த திசையிலேயே, முட்கம்பிக்குள், வரிசையில் நின்று தண்ணீர் பெற்றனர். நான்கைந்து தலைமுறையைக் கொண்டு சுற்றிமுடிந்த இந்த வளையத்தைப் போன்றதொன்றை எந்த மலைநடையாளனும் நடந்திருக்க முடியாது. மீள்குடியேற்றம் என்ற சொல் அவர்களிடம் வரும்போது இடறுகின்றது. அவர்களுக்கு மீளுமிடம் எது? இராமநாதபுரத்தின் பெயர் மறந்துபோன ஒரு கிராமமா, இறங்கிவந்த லயமா, உறுதிப்பத்திரம் இல்லாத மேட்டுக்காணியா? நான் அறிந்தவரை அவர்களில் மிகப்பலர் தயக்கமின்றிக் கிளிநொச்சியையே சொல்லுகின்றனர். தொடங்கிய இடம் என்பது வரலாற்றால் தரப்படுவதன்று, ஒருவர் தாமே தெரிந்து நட்டுக்கொள்வது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நட்டதைப் பிடுங்காதிருப்பது மற்றவர் கடமை.

ஸ்கொட்லாந்தின் மலைகளுக்கும் இத்தகைய ஒரு பின்கதை உண்டு. இன்று நடையாளர் தேடிச்செல்லும் உயர்நிலத்தின் தனிமை முழுவதும் இயற்கை தந்ததன்று. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே செம்மறி வளர்ப்பின் இலாபத்துக்காக நிலவுடைமையாளர் தம் குடிகளை அப்பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினர். கூரைமரங்கள் எரிக்கப்பட்ட ஊர்களின் கல்லடுக்குகள் இன்றும் புல்லிடையே கிடக்கின்றன. வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். 2003 ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம், யாருடைய நிலமாயினும் பொறுப்போடு நடந்துசெல்லும் உரிமையை ஸ்கொட்லாந்திலே எல்லோருக்கும் அளித்தது. மலையில் நடக்கும் இன்பத்தின் அடியிலே ஓர் உரிமைச்சட்டமும் அதற்குமடியிலே ஒரு பெரும் வெளியேற்றமும் கிடக்கின்றன. அங்கே நடப்பவன் இவற்றை அறிந்து நடப்பானாயின் அவனது நடை இன்னும் நிறைவுடையதாகும் என்றே நம்புகின்றேன்.

தமிழ்மொழி இவ்விடயத்தில் நமக்கொரு துணை செய்கின்றது. ‘வீடு’ என்ற சொல் மனையையும் குறிக்கும். அறம், பொருள், இன்பம் ஆகியவற்றுக்கு அப்பாலுள்ள நான்காவது உறுதிப்பொருளையும் குறிக்கும். இரண்டிற்கும் அடி ‘விடு’ என்பதே என்பர். பற்றை விடுதல் வீடு. வேலையை விட்டு வந்து தங்குமிடமும் வீடு. விடுதலையும் அதே வேரிலிருந்து எழுந்தது. படையினர் வசமுள்ள நிலம் திருப்பிக் கொடுக்கப்படுவதை வன்னியிலே ‘காணி விடுவிப்பு’ என்கின்றோம். எழுதுவினைஞர் ஆக்கிய அலுவலகச் சொல்தான். அவரை அறியாமலே நான்காவது உறுதிப்பொருளின் வேர் அதிலும் ஓடுகின்றது. வீடுபேற்றைப் பற்றிப் பேசும் நம் மெய்யியல், துறப்பதற்கு ஒருவனிடம் முதலில் ஏதேனும் இருக்கவேண்டும் என்பதை வெளிப்படையாகக் கூறுவதில்லை. இருந்ததை விட்டவன் துறவி. பறிக்கப்பட்டவனைத் துறவியென்பது கேலி.

இதனை நன்கறிந்தவர் நந்திக்கடலோரத்துக் கேப்பாப்புலவு மக்கள். 2012 செப்டெம்பரில் மனிக்பாம் மூடப்பட்டபோது இறுதியாக வெளியேறியவர்களுள் அவர்கள் அடங்குவர். அவர்கள் தம் ஊருக்கு அனுப்பப்படவில்லை. ஊர் படைமுகாமாக இருந்தமையால், அயலிலே அமைக்கப்பட்ட குடியிருப்பொன்றில் இருத்தப்பட்டனர். புள்ளிவிவரத்திலே அவர்கள் ‘மீள்குடியேறியோர்’. சொந்தக் கிணறு முட்கம்பிக்கு அப்பால், பார்வைக்கு எட்டும் தூரத்தில். வளையம் முடிய ஒருசில நூறு அடிகளே எஞ்சியிருந்தன. அந்த அடிகளை வைக்கத்தான் அனுமதியில்லை. 2017 சனவரி இறுதியிலே பிலக்குடியிருப்பு மக்கள் முகாம் வாயிலின் எதிரே வீதியோரம் குந்தினர். பெண்களும் முதியோரும் சிறுவரும் வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கினர். அவ்வாண்டு மார்ச் 1 இல் அவர்களின் காணி விடுவிக்கப்பட்டது. கேப்பாப்புலவின் ஏனையோர் அதே நாளில் தம் போராட்டத்தைத் தொடங்கினர். ஆண்டிறுதியில் இன்னொரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது, முழுவதும் அன்று. ஆண்டுக்கணக்காக நடக்க வைக்கப்பட்டவர்கள், இறுதியிலே நடக்க மறுத்து ஓரிடத்தில் அமர்ந்ததன் மூலமே வீட்டை அடைந்தனர். சாத்தானின் முகட்டைக் கடந்தவனின் உறுதியை நான் மதிக்கின்றேன். ஆயினும் தன் விருப்பாற் செய்யப்பட்ட அருஞ்செயல் ஒன்றைச் சுட்டச் சொன்னால், வீதியோரத்தில் விரிக்கப்பட்ட அந்தப் பாயையே சுட்டுவேன். எழுந்துபோகலாம் என்ற வழி ஒவ்வொரு நாளும் அவர்களுக்குத் திறந்திருந்தது, அவர்கள் எழவில்லை.

கேப்பாப்புலவுக்கு அணித்தாக, அதே நந்திக்கடலின் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் உள்ளது. மதுரையை எரித்தபின் கண்ணகி ஈழத்துக்கு வந்து இடத்துக்கிடம் தங்கிச் சென்றாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடமாதலின் இது பத்தாப்பளையாகிப் பின் வற்றாப்பளையாயிற்று என்றும் ஐதிகம் கூறும். வீடிழந்து, கணவனையிழந்து, ஊர் ஊராக நடந்த ஒருத்தியை வன்னி மக்கள் தங்கள் தெய்வமாகக் கொண்டிருக்கின்றனர். அவளது தாங்கும் ஆற்றலை அவர்கள் பாடவில்லை. அவளுடைய சினம் ஆறவேண்டுமென்று பொங்கலிடுகின்றனர். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலிலிருந்து தீர்த்தமெடுத்து வருவார்கள். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலே அக்கடல்நீரில் விளக்கெரியும். வன்னியின் மூலைமுடுக்குகளிலிருந்து நேர்த்திக்கடன் வைத்தோர் கால்நடையாக வருவர். மே மாதத்திலேதான் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர்வதற்காகவும் மக்கள் அதே திக்கில் நடக்கின்றனர். சில ஆண்டுகளில் இரண்டு நாள்களும் நெருங்கி வந்துவிடுகின்றன. வீதியோரத் தண்ணீர்ப்பந்தலில் நிற்பவர், வருபவர் எங்கே போகின்றார் என்று கேட்பதில்லை. செம்பை நீட்டுகின்றார். குடித்தவர்கள் நடக்கின்றனர், பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டுமே என்ற அவசரம் அவர்களின் காலில் தெரிகின்றது.